வாசலில் நின்ற குரல்

கதிரவேலுவின் காதில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மலாய் மொழியில் மழை வரும் என்றார். ஒருத்தி சயாம் மொழியில் உருகி உருகிப் பாடினாள். மூன்றாமவர் சீனத்தில் எதையோ அவசரமாக விற்றுக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய நான்காவது குரல் மட்டும் வரவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றார் அவர் மனைவி தங்கமலர். கையில் சோற்றுப் பானை இருந்தது. அதை வைக்க இடம்தான் இல்லை. “இந்த மேசையை எப்ப விடுவீங்கள்?”

கதிரவேலு ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார். “கொஞ்சம் பொறும்.”

“போன கிழமையும் இதைத்தான் சொன்னனீங்கள். அடுப்படியிலை நிண்டுகொண்டு சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குக் கால் வீங்கிப் போச்சு.”

“செய்தி கேக்கிறன்.”

“செய்தி போனிலை வருதே. அதிலை படமும் சேர்ந்து வருது.”

கதிரவேலு குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். சாப்பாட்டு மேசை முழுவதும் செம்புக் கம்பிச் சுருள்களும் ஈயத் துளிகளும் சிதறிக் கிடந்தன. நடுவே ஒரு மரப்பலகையில் அவர் கையால் செய்த வானொலி குந்தியிருந்தது. அதற்குப் பெட்டி இல்லை, முகம் இல்லை. குடலும் நரம்பும் வெளியே தெரிய, அறுவை முடியாத நோயாளியைப் போல் இருந்தது.

அவர் கேட்க விரும்பியது செய்தியை அன்று. தம்பி நிமலின் குரலை.

அண்ணன், தம்பி இருவரும் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் எத்தனையோ வீடுகளுக்குக் கம்பி இழுத்து, பிரிந்திருந்த எத்தனையோ பேரைப் பேச வைத்தவர்கள். அப்படிப்பட்ட இருவருக்கு நடுவில் இருந்த இணைப்பு, சென்ற ஆண்டு சுங்கைப் பட்டாணியில் நடந்த ஒரு கல்யாண விருந்தில் அறுந்து போனது. 

கல்யாணம் கதிரவேலுவின் மகள் ஷரோனுக்கு. சித்தப்பா என்ற உரிமையில் நிமல் மேடையேறி மைக்கைப் பிடித்தார். இளவயதில் அண்ணன் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டுத் தொலைபேசியைத் தவறுதலாக ஒரு கோழிப் பண்ணையோடு இணைத்துவிட்ட கதையைச் சொன்னார். அதிகாரி மந்திரியைக் கூப்பிட, மறுமுனையில் சேவல் கூவிய இடத்தில் மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார். மணப்பெண்ணும் தலைகுனிந்து சிரித்தாள். கதிரவேலு எழுந்து சென்று ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். ஒலியில்லாமல் நிமலின் வாய் மட்டும் அசைந்தது. அதைக் கண்டு மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஆனால் இந்த முறை சிரிப்பு தம்பியைப் பார்த்து.

நிமல் மேடையை விட்டு இறங்கி வந்தார். “என்ர குரலை நிப்பாட்டிப் போட்டாய். இனி அது உன்ர காதிலை விழாது, அண்ணா.”

“விழ வேண்டாம்,” என்றார் கதிரவேலு. “என்ர வாயிலையிருந்தும் உனக்கு இனி ஒரு சொல் வராது.”

கோபத்தில் சொன்ன வார்த்தைகள்தாம். ஆனால் சாட்சிகள் அதிகம். ஒரு மண்டபத்தின் முன்னால் சொன்னதை ஒரு வீட்டுக்குள் இருந்து திரும்பப் பெற முடியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு நிமலுக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மனைவியை இழந்து, பண்டார் பாருவில் தனியே வாழ்கிற மனிதர். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த செய்தியே கதிரவேலுவுக்குத் தம் ஊரான கோலா கெத்தில் கடைத்தெருவில், பரோட்டாவுக்குக் குழம்பு ஊற்றும்போது, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் மூசா சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குப் பரோட்டா அப்படியே இலையில் கிடந்து ஆறிப்போனது. மெல்பர்னில் இருக்கும் ஷரோனைக் கேட்டால், “சித்தப்பா எதுக்கும் கட்டைவிரல் படம்தான் அனுப்புறார், அப்பா. குரல் அனுப்பச் சொன்னா மாட்டாராம். நான் அதை உங்களுக்குப் போட்டுக் காட்டுவனோ எண்டு பயம்,” என்றாள்.

கட்டைவிரலை வைத்து ஒருவர் மூச்சு விடச் சிரமப்படுகிறாரா, குரல் தளர்ந்திருக்கிறதா, இரவில் தூங்குகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த நிலையில்தான் மூசா இன்னொரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய தங்கையைப் பண்டார் பாருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

“உங்க தம்பி வீட்டுக் கூரை மேல நீளமா கம்பி கட்டிட்டாருண்ணே. சனிக்கிழமை காலையில போனா கதவுகூடத் தொறக்க மாட்டாரு லா. ரேடியோ மேசையை விட்டு எந்திரிக்கிறதே இல்லையாம்.”

கதிரவேலுவுக்கு உடனே விளங்கிவிட்டது. சனிக்கிழமைக் காலையில் வடமாநிலங்களின் வானொலி ஆர்வலர்கள் சிற்றலையில் கூடி, ஒருவரை ஒருவர் அழைத்து நலம் விசாரிப்பது வழக்கம். அதற்கான உரிமத்தை அண்ணன், தம்பி இருவருமே ஒரு காலத்தில் பரீட்சை எழுதி வாங்கியிருந்தார்கள். அண்ணன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதோடு சரி. ஆனால் நிமல் அப்படியல்ல. அவரால் பேசாமல் இருக்க முடியாது. அண்ணனோடு பேச வழியில்லாதவர், ஆகாயத்தோடு பேசத் தொடங்கிவிட்டார்!

ஆகவே கேட்கலாம். கதிரவேலு நெடுநேரம் யோசித்து, அதில் குற்றமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். ‘பேச மாட்டேன்’ என்பதுதான் அவருடைய சபதம். கேட்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ‘என் குரல் உன் காதில் விழாது’ என்பது நிமலின் சபதம். அது முறிந்தாலும் சபதம் போட்டவருக்கே தெரியப் போவதில்லை. வானொலியைக் கடையில் வாங்கினால் தங்கமலருக்கு ஒரு காரணம், மூசாவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். தானே செய்தால் அது ஓய்வு பெற்றவரின் பொழுதுபோக்கு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்படித்தான் சாப்பாட்டு மேசை பறிபோனது.

ஒரு காட்டு யானையை ஓர் எறும்பு விருந்துக்கு அழைத்ததாம். யானை வந்தது. எறும்பு வீட்டு வாசலில் தும்பிக்கையின் நுனிகூட நுழையவில்லை. அது திரும்பிப் போய்விட்டது. வெட்கப்பட்ட எறும்பு, ஊரைக் கூட்டி வாசலை இடித்துப் பெரிதாக்கியது. மறுநாள் யானை வந்தது. அதன் பின்னால் எருமை வந்தது, காட்டுப்பன்றி வந்தது, மழைத் தண்ணீரும் வந்தது. எறும்புக்கு நிற்க இடமில்லை.

கதிரவேலுவின் வானொலிக்கும் அதே கதிதான். கூரைமேல் கட்டிய ஏரியல் கம்பி, ஆகாயத்து அலைகளைப் பிடித்துக் கீழே அனுப்பும். மிக்சர் என்னும் பகுதி, அந்த அலையைத் தனக்குள் பிறக்கும் இன்னொரு அலையோடு கலந்து மனிதக் காதுக்குரிய ஒலியாக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வாசல் வேண்டும். ஒரு வளையத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிதான் அந்த வாசல். சுற்று பொருந்தாவிட்டால் வந்த அலை வாசலிலேயே நின்று திரும்பிவிடும். கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டால், வானிலைக்காரரும் சயாம் பாடகியும் சீன வியாபாரியும் ஒரே பாயில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

மறுவாரம் அவர் சில சுற்றுகளைக் கழற்றினார். மூவரும் வெளியேறினார்கள். உலகமே வெளியேறியது. ஹெட்போனில் அவருடைய நாடித் துடிப்பு மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் கழற்றியதில் பாதியைத் திரும்பச் சுற்றினார். இந்த முறை வாசல் சரியாக அமைந்தது. தொலைவில் யாரோ இருவர் பேசுவது பனிக்கு அப்பால் தெரியும் ரப்பர் மரங்களைப் போல் மங்கலாகத் தெரிந்தது. ஆனால் அதன்மேல் எண்ணெயில் அப்பளம் பொரிப்பது போன்ற ஓர் இரைச்சல் படிந்திருந்தது. வாசல் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறதோ, அவ்வளவுக்கு அக்கம்பக்கத்து மின்சாரக் குப்பையும் நேர்த்தியாக உள்ளே வரும் என்பதை அவர் அப்போதுதான் அனுபவத்தில் கண்டார்.

எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினார். இரைச்சலில் ஒரு பங்கு குறைந்தது. மறுபடி போட மறந்துபோனார்.

மாலையில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “இஞ்சாருங்கோ! இந்த மீனுக்கு என்ன நடந்தது?”

“எந்த மீன்?”

“நாத்தம் வாசலுக்கு வந்து உங்களைத் தேடுது, எந்த மீன் எண்டு கேக்கிறீங்கள். பிரிட்ஜை நிப்பாட்டி வைச்சோ செய்தி கேக்கிறது? அப்பிடி என்ன செய்தி அது?”

“உலகச் செய்தி,” என்றார் கதிரவேலு.

தங்கமலர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மீனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

மீதி இரைச்சல், பின்சந்துக்கு அப்பால் இருந்த மூசா கடையின் பெயர்ப்பலகையிலிருந்து வந்தது. பச்சையும் சிவப்புமாக ஓடி ஓடி எரிகிற விளக்குகள். பகலிலும் எரியும். கதிரவேலு மூசாவைப் போய்ப் பார்த்தார்.

“மூசா, சனிக்கிழமை காலமை கொஞ்ச நேரம் உம்மட போர்டு லைட்டை நிப்பாட்டுவீரோ?”

“லைட்டை நிப்பாட்டினா கடை மூடியாச்சுன்னு ஆளுங்க போயிருவாங்களேண்ணே. ஏன், என்னா விஷயம்?”

இந்த இடத்தில் கதிரவேலு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூசாவிடம் சொன்ன ரகசியம் மாலைக்குள் பண்டார் பாருவுக்குப் போய்ச் சேரும். அதற்கு ஏரியல்கூட வேண்டாம். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத மனிதர், கைக்கு முதலில் அகப்பட்ட பொய்யை எடுத்தார்.

“கூரையிலை ஒரு கம்பி கட்டியிருக்கிறன் பாரும். இடி விழாமல் காக்கிற கம்பி. அதைச் சோதிக்க வேணும்.”

மூசாவின் கண்கள் விரிந்தன. போன மழைக்காலத்தில் அவர் கடைத் தொலைக்காட்சியும் அரவை இயந்திரமும் இடிக்குத்தான் பலியாகியிருந்தன. “அப்ப என் கடைக்கும் சேத்து இழுத்து விடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“அது வந்து, மூசா...”

“லைட்டு என்னா லைட்டு? போர்டையே கழட்டி வைக்கிறேன் லா!”

ஏரியல் மூசாவின் கடைக் கூரை வரை நீண்டது. நீண்டதும் அதன் குணம் மாறியது. குணம் மாறியதும் வாசல் பொருந்தாமல் போனது. வளையத்தைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. சுற்றி முடித்த அன்று, தாமான் என்று சொல்லும் அந்தக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த முனியாண்டி கோயிலின் தலைவர் வசந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“என்னண்ணே, மூசா பாய் கடைக்கு இடிக்கம்பி போட்டுட்டீங்களாம். சாமிக்கு வேணாமா?”

“கோயில் தூரம் தம்பி.”

“தூரமா? உங்க வீட்டுக் குழாய்த் தண்ணிதான் கோயிலுக்கு வருது. தண்ணி வர்ற தூரம் கம்பி வராதா? ஆடித் திருவிழா வேற வருது. கூட்டம் சேரும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?”

கம்பி கோயில் அரசமரம் வரைக்கும் போனது. கதிரவேலுவுக்கு உறக்கம் கெட்டது. உயரக் கட்டிய ஏரியல் இடியைத் தடுக்காது, ‘இங்கே வா’ என்று கூப்பிடும் என்பது அவருக்குத் தெரியும். வானம் கறுத்தபோதெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு ஓடிக் கம்பியை அவிழ்த்துத் தரையில் போட்டார். வெயில் வந்ததும் ஓடிப் போய்க் கட்டினார். அவருடைய தொண்டுள்ளத்தைத் தாமானே மெச்சியது. ‘நமக்காக மழையில் நனைகிறார்’ என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டார்கள். மெச்ச மெச்ச அவர் தலை குனிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நன்மை நடந்தது. நீண்ட கம்பிக்கு ஏற்ப அவர் சுற்றிய புது வாசல், முன்பு எதுவும் பொருந்தாத அளவுக்கு மிக்சரோடு பொருந்தியது. ஆனால் கம்பி தாமான் முழுவதையும் தழுவிக்கொண்டு போனதால், தாமான் முழுவதும் வானொலிக்குள் வந்தது. யாரோ வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் முனகியது. யாரோ கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினால் தேனீ இரைந்தது. கோயிலில் திருவிழாவுக்குக் கட்டிய சரவிளக்குகள் ஓராயிரம் தவளைகளாய்க் கத்தின.

கதிரவேலு வசந்தனிடம் போனார். “தம்பி, ஒரே ஒரு சனிக்கிழமை. காலமை மட்டும். எல்லா வீட்டிலையும் கரண்டை நிப்பாட்டினால், சோதனை முடிஞ்சிடும்.”

“எல்லா வீட்டுலயுமா? ஃபேனும் கூடாதா?”

“கூடாது.”

வசந்தன் தலையைச் சொறிந்தார். “ரொம்ப சூசாண்ணே, இந்த வெயில்ல கஷ்டமா இருக்கும். சரி, நல்ல காரியம். நான் சொல்றேன்.” அன்று மாலையே கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கொடுத்துவிட்டார். கூடவே, சோதனை முடிந்ததும் கதிரவேலு ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்றும் அறிவித்தார்.

குறித்த சனிக்கிழமையில் தாமான் அடங்கியது. தொலைக்காட்சிகள் ஓய்ந்தன. மின்விசிறிகள் நின்றன. மக்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதிரவேலு வீட்டைப் பார்த்தபடி அட்டைத் துண்டுகளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூசா ஐஸ் கரைந்துகொண்டிருந்த தேத்தண்ணீர்க் கூஜாவோடு வந்தார். வசந்தன் பொன்னாடையோடு வந்தார்.

கதிரவேலு பேட்டரியை இணைத்து, ஹெட்போனை மாட்டி, குமிழை மெல்லத் திருப்பினார்.

அப்படியொரு தெளிவை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து ஒருவர் தம் முதுகுவலியைச் சொன்னார். தைப்பிங்கிலிருந்து ஒருவர் அதற்குத் தைலம் சொன்னார். பினாங்குக்காரர் ஒருவர் இருமினார்; அந்த இருமலில் இருந்த சளிகூடக் கேட்டது. பெண்டாங்கில் நெல் அறுக்கும் ஒருவர் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லி வரிசையாகப் பேரழைத்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது.

நிமல் என்ற பேர் வரவில்லை.

கதிரவேலு காத்திருந்தார். புதிதாக யாரேனும் உண்டா என்று பெண்டாங்குக்காரர் கேட்டுவிட்டு நிறுத்தினார். அந்த மௌனத்துக்குள் கதிரவேலு தம் காது முழுவதையும் வைத்தார். எவரும் பேசவில்லை. எல்லோரும் விடைபெற்றுக்கொண்டு போனார்கள். ஆகாயம் காலியானது.

ரேடியோ மேசையை விட்டு எழுந்திருக்காத மனிதன் இன்றைக்கு எங்கே? நெஞ்சில் கத்தி பட்ட உடம்பு. தனி வீடு. கதவைத் தட்டினால்கூடத் திறக்காதவன். விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள்?

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளியே வந்து படியில் நின்றார். வசந்தன் பொன்னாடையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“வேண்டாம் தம்பி,” என்றார் கதிரவேலு. “அது இடிக்கம்பி இல்லை. இடி இடிச்சால் ஒருத்தரும் அதுக்குக் கிட்டப் போகாதேங்கோ. என்ர தம்பி ரேடியோவிலை கதைக்கிறவன். அவன்ர குரலைக் கேக்கத்தான் இவ்வளவும் செய்தனான். இண்டைக்கு அவன் வரேல்லை. அவனுக்கு என்னவோ நடந்திட்டுது.”

விசிறிகள் நின்றன. இந்த வெயிலில் வியர்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வசந்தனுக்கு வரத்தான் செய்தது. பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இதை முன்னாலேயே சொல்லக் கூடாதாண்ணே?” என்றார் மூசா. சட்டென்று கைத்தொலைபேசியை எடுத்து நிமலின் எண்ணை அழுத்தினார். காதில் வைத்தார். மறுபடி அழுத்தினார். “போன் அடச்சிருக்கு, சுவிட்ச் ஆஃப்.”

“ஒரு நாளும் அடைக்கமாட்டான்,” என்றார் கதிரவேலு. 

“போவம்,” என்றார் தங்கமலர். அவர் எப்போதோ சேலை மாற்றிக் கைப்பையோடு நின்றிருந்தார்.

“நான் கதைக்க மாட்டன் எண்டு சொல்லியிருக்கிறன், மலர்.”

“கதைக்க வேண்டாம். வந்து பாருங்கோ. கண்ணுக்கு நீங்கள் ஒரு சபதமும் போடேல்லையே. இவ்வளவு நாளும் நீங்கள் கேட்ட உலகச் செய்தி எது எண்டு எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்கள்? மீன் நாறின அண்டைக்கே தெரியும்.”

மூசாவின் வேன் கூலிமைத் தாண்டி, செர்டாங்கைத் தாண்டி, செம்பனைக் காடுகளுக்கு நடுவே ஓடியது. பழக்குலை ஏற்றிய லாரிகள் வழியை மறித்தன. கதிரவேலு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். கோழிப் பண்ணைக் கதையில் நிமல் சேவல் கூவிக் காட்டியதை நினைத்துக்கொண்டார். நன்றாகத்தான் கூவினான். தாமும் அன்று சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அந்த மண்டபத்தில் இன்னொரு சிரிப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் பண்டார் பாருவுக்குள் நுழைந்தார்கள். நிமல் வீட்டுச் சந்து திரும்பியதும் மூசா வேனை நிறுத்திவிட்டார்.

சந்தின் இரு பக்கமும் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஆண்களும் பெண்களும் வீடுகளுக்கு வெளியே, கொட்டகை நிழலில், பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். எந்த வீட்டிலும் வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அதன் தாய் வாயைப் பொத்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். எல்லோருடைய முகமும் நிமலின் வீட்டைப் பார்த்திருந்தது. அந்த வீட்டின் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

இப்படி ஒரு சந்து எப்போது அடங்கும் என்பது கதிரவேலுவுக்குத் தெரியாதா?

மூசா தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உதடுகளுக்குள் ஏதோ ஓதினார். தங்கமலர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கதிரவேலு இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். யாரும் எழவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்டபத்துக்கு முன்னால் சொன்ன சொல், சபதம், சாட்சிகள் எல்லாம் எங்கோ போயின. அவர் வாய்விட்டுக் கதறினார்.

“நிமல்! ஐயோ, தம்பி! அண்ணா வந்திருக்கிறன், நிமல்!”

பக்கத்து வீட்டு ராக்காயி, விசிறிக்கொண்டிருந்த அட்டையை வீசி எறிந்துவிட்டு ஓடி வந்து அவர் வாயைக் கையால் மறித்தாள்.

“ஷ்ஷ்! கத்தாதய்யா, உள்ள மனுசன் ரேடியோ கேக்குறாரு. கோலா கெத்தில்ல இருக்கிற அவரு அண்ணனும் கூரையில கம்பி கட்டிட்டாராம், சனிக்கிழமையானா அதுல பேசுவாராம். அந்தக் கொரல ஒரு தடவ கேட்டுடணும்னு தன் போனையும் அடச்சுட்டு, காலையிலேர்ந்து ஒரு வீட்டுல ஃபேன்கூடப் போட விடல!”